கைப்பிடி திரும்பும் வேகம்

வியாழக்கிழமை, மாலை ஏழு.
வெஸ்தெரோஸ் ஏரிக்கரை வாகன நிறுத்தம்.
மே மாதம் என்பதால் வெயில்
கிளம்ப மனமில்லாத விருந்தாளிபோல்
உட்கார்ந்தே இருக்கிறது.
பதினோரு கார்கள், பதினைந்து பேர்,
தெர்மாஸில் காப்பி.

சண்டையைத் தொடங்குவது எப்போதும் தொர்பியோர்ன்தான்.
யாரோ ஓட்டிவந்த புது மாடலின்
மூக்கைத் தட்டிச் சொல்கிறார்:
"விளக்குக்கு மை தீட்டியிருக்கிறார்கள்.
பம்பருக்கு உதட்டுச் சாயம்.
உள்ளே அதே எலும்பு, அதே நரம்பு.
பழைய கள், புதிய மொந்தை.
இதற்கு நாற்பதாயிரம் குரோனா கூடுதலாம்."

"மொந்தை ஒழுகாவிட்டால் சரி" என்கிறான் எல்மின்.
ரொட்டி வேன் ஓட்டுபவன்.
இருபத்துநாலு வயது.
சட்டையில் மாவு, நகத்தில் கிரீஸ்.

"உனக்கென்ன தெரியும்" என்கிறார் சிக்ஸ்தன்,
தன் இரண்டு கதவுச் சீமாட்டியின் கூரையைத் தடவியபடி.
"இவளில் எல்லாம் இவளுக்கென்றே செய்தது."

"உங்கள் ஜன்னல் பொத்தானும்
என் ரொட்டி வேனின் ஜன்னல் பொத்தானும்
ஒரே வயிற்றில் பிறந்தவை.
கழற்றிப் பாருங்கள்."

கல்யாண வீட்டுக்குள்
கடன்காரன் நுழைந்ததுபோல் ஓர் அமைதி.

சிக்ஸ்தன் திருப்புளி கேட்டார்.
இரண்டு பொத்தான்களும்
என் காரின் பானட் மேல்
குப்புறக் கிடந்தன.
ரௌனி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
எண்களை உரக்க வாசித்தாள்.
எட்டு இலக்கமும் ஒன்றே.
கடைசி எழுத்து மட்டும் வேறு.

"பார்த்தாயா, வேறு!" என்றார் சிக்ஸ்தன்,
அந்த ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு.

"அது நிறத்துக்கான எழுத்து" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது.
மூன்று வருடமாக இங்கே நான்
காப்பி கொண்டுவருகிற குன்வோர், அவ்வளவுதான்.

நல்லவேளை, பேச்சு கைப்பிடிக்குத் தாவியது.
எப்போதும் கடைசியில் அங்கேதான் வரும்.
கதவுக்கு மேலே, கூரையில் இருக்கும் கைப்பிடி.
பழைய மாடலில் இழுத்து விட்டால்
தூக்கம் வந்த இமைபோல் மெல்லத் திரும்பும்.
புதியதில் டக்.
எலிப்பொறி.

"அதை எடுத்தவன்
எவனாயிருந்தாலும்" என்று தொடங்கினார் தொர்பியோர்ன்.
மீதியை எழுத முடியாது.

எவனும் இல்லை.
எடுத்தவள் நான்.
கைப்பிடிக்குள் மிளகளவு பசை தடவிய ஒரு சின்ன உருளை.
விலை மூன்று குரோனா பத்து ஓரே.
காருக்கு மூன்று
(ஓட்டுபவரின் கைப்பிடியை
எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்
ஏற்கெனவே வெட்டிவிட்டார்).
இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கார்கள்.
பெருக்கினால்
பத்தொன்பது லட்சத்து எழுபத்தோராயிரத்து அறுநூறு.
இன்னும் மறக்கவில்லை,
தங்கையின் பிறந்தநாள் மறந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் பிரிவுக்குக் கேக் வந்தது.
பச்சை மார்சிபான், மேலே ஒரு ரோஜா.
ரோஜாவை எனக்குக் கொடுத்தார்கள்.
மிச்சப்பட்ட பணம்
பக்கவாட்டுக் காற்றுப்பைக்குப் போனதென்று
நானாக நம்பிக்கொண்டேன்.
யாரும் அப்படிச் சொல்லவில்லை.

"நிறத்துக்கான எழுத்து என்று
உங்களுக்கு எப்படித் தெரியும்?"
எல்மின். அவன் விடவில்லை.

"அங்கே வேலை பார்த்தேன்."
"எந்தப் பிரிவு?"
"கொள்முதல்."

தொர்பியோர்ன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.
என்னைப் பார்க்கவில்லை, என் காரைப் பார்த்தார்.
சாம்பல் நிறம், பழைய மாடல்.
கதவைத் திறந்தார்,
தூண் ஓரத்துத் தகட்டில் தயாரான வாரத்தைப் படித்தார்,
ஏதோ கணக்குப் போட்டார்.

"மாற்றம் வருவதற்கு முந்தைய வாரம்" என்றார்.

"ஆமாம்" என்றேன்.
"பார்த்துத்தான் வாங்கினேன்."

வைவார் என்று நின்றேன்.
பின்சீட்டில் போய் உட்கார்ந்தார்,
ஆறடி நாலங்குலமும் மடங்கி.
கைப்பிடியை இழுத்தார். விட்டார்.
பதினைந்து பேரும் குனிந்து பார்த்தோம்.
ஒன்று, இரண்டு,
இரண்டரை.

"இன்னொரு தடவை" என்றான் எல்மின்.