முப்பத்தைந்து டிகிரி

பேரணாம்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறது ஃப்ளாஸ்க்.
அதாவுல்லா பாய் மடியை விட்டு இறக்கமாட்டார்.
குடியாத்தம் தாண்டியதும் கண்டக்டர் தினமும் கேட்பார்:
"இன்னா பாய், டீயா?"
"ஆமாம்பா."
உள்ளே உப்புநீரில் முப்பத்தெட்டு சினைப்பைகள்,
அறுப்புக்கூடத்தின் விடியல் இன்னும் ஆறாமல்.

காட்பாடியில் இறங்கி ஆட்டோ.
வெப்பமானியை நான்தான் விடுவேன்.
முப்பத்தைந்து என்றால் பேசிக்கொண்டிருப்போம்.
இருபத்தெட்டு என்றால்
அவர் ரோடு வேலையைத் திட்டுவார்,
நான் நோட்டில் எழுதுவேன்.

முட்டைகள் சாம்பல் பூசினாற்போல் இருக்கும்.
இருபது மணி நேரம் பழுக்க வேண்டும்.
பதினாறில் பிஞ்சு, இருபத்தெட்டில் கிழம்.
மாங்காய்க்கு வைக்கோல் போதும்,
இதற்கு என் ராத்தூக்கம் வேண்டும்.

உட்கரு கண்ணில் படாது.
ஓரத்தில் ஒட்டியிருக்கும் சின்ன உருண்டையை வைத்து
ஊகித்துத்தான் ஊசியை விடுவேன்.
பெயரில்லாத ஏதோ ஒரு மாட்டின் வம்சம்
ஒரு உறிஞ்சில் வெளியே வரும்.
கொஞ்சம் தங்கிவிடும்.
அதை யாராலும் எடுக்க முடியாது.

அந்த இடத்தில் வைப்பது
இருநூற்றுப் பதினேழின் காது.
காது என்றால் காதோரத்தில் நெல்மணி அளவு.
வேளைக்குப் பதினான்கு லிட்டர் கறந்தவள்,
மடிநோயில் போனாள்.
தோல் ராணிப்பேட்டைக்கு,
இந்த மணி மட்டும் நைட்ரஜன் குடுவைக்கு.

செல்லைப் பட்டினி போடணும் என்பார் டாக்டர் ஜெசிந்தா.
ஐந்து நாள்.
தின்றுகொண்டே இருக்கிற செல் காதாகவே இருந்துவிடும்.
பசித்து அடங்கினால்தான்
தான் காது என்பதை மறக்கும்.
மறந்தால்தான் கொம்பும் குளம்பும் ஞாபகம் வரும்.
தவக்காலத்தில் இதைச் சொன்னபோது மட்டும்
தானே கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

பிறகு ஒரு மின்துடிப்பு.
இரண்டும் ஒன்றாகும், இல்லை வெடிக்கும்.

அறிக்கைக்கு அட்டவணை கேட்டார்கள்.
முட்டையின் வயது. செல்லின் பட்டினி. வோல்ட்.
இயக்குபவர் ஒன்று, இயக்குபவர் இரண்டு.
இரண்டு நான்.
சித்திரை வெயிலுக்குக் கட்டம் இல்லை.
ஜெனரேட்டர் எழுந்திருக்க எடுத்த
பதினோரு நிமிடத்துக்கு இல்லை.
சீட்டுப் பணம் கேட்டு ஒருத்தர்
வாசலில் கத்திவிட்டுப் போன மறுநாள்
என் கை கல்லாய் நின்றதற்கும் இல்லை.
அன்று நூற்றுக்கு எழுபத்தொன்று ஒட்டியது.

ஒட்டியதில் ஐந்தில் ஒன்றுதான் ஏழாம் நாளைக் கண்டது.
பதினோரு கிடேரிகளுக்கு வைத்தோம்.
மூன்று சினை.
அறுபதாம் நாள் ஒன்று.

ஐப்பசி அடைமழையில் விழுந்தது அந்த ஒன்று.
நாற்பத்தாறு கிலோ,
தொப்புள்கொடி என் மணிக்கட்டுப் பருமன்.
நெற்றியில் சுட்டி இல்லை.
இருநூற்றுப் பதினேழுக்கு இருந்தது.
அவளை வளர்த்த கணியம்பாடி வரதராசலு வந்து பார்த்து
"இது அது இல்லியே" என்றார்.
கருவுக்குள் நிறம் நடந்துபோகும் வழி
ஒவ்வொரு தடவையும் வேறு என்று
டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.
தலையாட்டினார்.
குனிந்து மறுபடி நெற்றியைப் பார்த்தார்.

அதாவுல்லா பாய் கேட்டது வேறு.
"முட்டை நான் கொணாந்ததுதானே. எதோடது?"
பதிவேட்டைப் படித்துக் காட்டினேன்:
தை பதினொன்று. சினைப்பை, பேரணாம்பட்டு, கலந்தது.
கன்று அவர் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.
"தையிலயா. அன்னிக்கு கருப்புதான் எல்லாம்.
ஒரே ஒரு செவல இருந்திச்சி.
உள்ள வரமாட்டேன்னு
வாசல்லயே நின்னுக்கிச்சி, ரொம்ப நேரம்."

கலந்தது என்பதை நான் அடிக்கவில்லை.
ஃப்ளாஸ்க்கை வாங்கினேன். முப்பத்துநான்கு.
மூடியின் ரப்பர் தளர்ந்திருக்கிறது,
புதிதுக்கு எழுதிப் போட வேண்டும்.