லண்டன்பேட்டை வால்வுகள்

ஏழு மாதச் சீட்டுப் பாக்கிக்கு ஈடாக
ரேணுகா சவுண்ட் சர்வீஸ் குப்புராஜ்
ஒரு சாக்கை இறக்கிவிட்டுப் போனான்.
"இங்கிலீஷ்காரன் சரக்கு அக்கா,
ஒண்ணொண்ணும் ஆயிரக்கணக்குல போகும்."
செய்தித்தாளில் சுற்றிய வால்வுகள், அறுபத்துமூன்று.
மூன்று வரும்போதே உடைந்திருந்தன.
மீதி அறுபதும் மஞ்சள் எழுத்தில்
இங்கிலாந்தில் செய்தவை என்றன.
எங்கள் தெருப்பலகையும்தான்
லண்டன்பேட்டை என்கிறது.
அதை நம்பி கிருஷ்ணகிரிக்கு இதுவரை
ராணியைப் பார்க்க யாரும் பஸ் ஏறவில்லை.

நான் மாங்கூழ் ஃபேக்டரியில் லேபிள் செக்‌ஷன்.
ஒரே கொப்பரைக் கூழ்
காலையில் துபாய்க்காரன் பெயரில் போகும்,
சாப்பாட்டு மணிக்குப் பிறகு வேறொருவன் பெயரில்.
பெங்களூரா என்கிற பழம்
பழுத்ததென்னவோ பர்கூர்ப் பக்கம்.
டின்னைக் கவிழ்த்தால்
அடியில் குத்திய எண்கள் இருக்கும்:
நாள், ஷிப்ட், லைன்.
லேபிள் ஊருக்குப் பேசும்,
அடி எங்களுக்குப் பேசும்.

அதனால் வால்வையும் கவிழ்த்தேன்.

ஒன்பது ஊசிக்கால்கள்.
அவற்றுக்குச் சற்று மேலே கண்ணாடியில்
சாம்பல் நிறத்தில் இரண்டு வரி.
வாயால் ஊதி ஆவி படிந்தால்தான்
எழுந்து வந்தன.

பெங்களூரிலிருந்து பைக்கில் வந்தார் பிரசன்ன ராவ்,
ரெகார்டு கேட்பதற்கென்றே ஓர் அறை கட்டியவர்.
முக்கோணம் இருந்தால் ஹாலந்து என்றார்,
பி-யில் தொடங்கினால் பிளாக்பர்ன்.
"மேல இருக்கிற பேரை நம்பாதீங்க மேடம்,
ஒரு கம்பெனி சரக்கை இன்னொரு கம்பெனி வாங்கி
தன் பேரை அடிச்சுக்குவாங்க."
யாரிடம் சொல்கிறார்!
போகும்போது சோதித்துப் பார்க்க இரண்டு கேட்டார்.
மேலாக இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.
அன்று இரவே போன்:
"என்ன தெளிவு, என்ன ஆழம்,
இங்கிலீஷ் இங்கிலீஷ்தான்."

மூன்று ராத்திரி
அடுப்பு மேடையில் துண்டு விரித்து
இனம் பிரித்தேன்.
உச்சியின் வெள்ளிப் பூச்சைத் தாங்கும் கம்பி
சிலதில் வளையம், சிலதில் சதுரம்.
சிலதன் தகட்டில் விலா எலும்பு ஓடியது,
சிலது வழவழ.
ஒன்றின் உச்சி மட்டும் பாலாக வெளுத்திருந்தது.
காற்று புகுந்துவிட்டது,
இனி அதற்கு எந்த ஊரும் இல்லை.
ஹாலந்து பதினொன்று. பிளாக்பர்ன் நான்கு.
நாற்பத்துநான்கு எதிலும் சேரவில்லை,
ராவ் கேட்டுச் சொக்கிய இரண்டும் அதில் சேர்த்தி.

ஒன்றைக் கட்டைவிரலால் தேய்த்தேன்.
மஞ்சள் இங்கிலாந்து
விபூதி மாதிரி கையோடு வந்தது.
அதற்குக் கீழே
பாதி அழிந்த இன்னொரு பெயர்.
படம் எடுத்து அனுப்பினேன்.
"ஓ. ஜாலஹள்ளி" என்றார் ராவ்.
ஒன்பதாயிரம் நானூறானது.
தொண்ணூறு கிலோமீட்டர்தான்,
எங்கள் ஸ்டாண்டிலிருந்து ரெண்டு மணி நேரப் பஸ்.
"மத்ததைத் தேய்க்காதீங்க மேடம்,
அப்படியே கொடுங்க, ஆயிரத்தைந்நூறு போட்டுத் தரேன்."

எண்கள் ஃபேக்டரியைச் சொல்லும், வருஷத்தைச் சொல்லும்,
கையைச் சொல்லாது.
ஒரு வால்வுக்குள் மைக்காத் தகடு
நூலளவு சாய்ந்திருந்தது.
மற்றதில் ஒரு புள்ளி வைத்துப் பற்றவைத்த இடத்தில்
இதில் இரண்டு புள்ளி.
முதலாவது நழுவியிருக்கும்.
ஷிப்ட் முடிகிற நேரமாக இருந்திருக்கும்.
நாலு மணிக்கு மேல் நான் ஒட்டும் லேபிளும்
இடப்பக்கம் சாயும்.
துபாயில் எவருக்கும் தெரியாது,
சூப்பர்வைசர் சிவகாமசுந்தரி மட்டும்
தூரத்திலிருந்தே டின்னைப் பார்த்து
என் பெயரைச் சொல்லிக் கத்துவாள்.

அந்த வால்வைத் தனியே எடுத்து வைத்தேன்.
மற்ற எல்லாவற்றையும் தேய்த்து முடிக்க
விடிந்துவிட்டது.

பாக்கிச் சம்பளம் வாங்கப் போனபோது
வாட்ச்மேன் என் கட்டைவிரலைப் பார்த்தார்.
"சீசன் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு,
இன்னுமா மஞ்சள்?"
லண்டன் என்றேன்.
"பேட்டையா?" என்றார்.