ஒரு பிடி

முப்பத்தேழாம் இலக்கம், வில்பிரட்.
டொக்டர் என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார்.
இருநூற்று நாற்பத்தெட்டு என்றார்,
ஏலத்தில் மீனின் நிறை சொல்வதுபோல.

அடுத்த அறையில் போசாக்கு மிஸ்.
தர்சிகா என்று சட்டையில் குத்தியிருந்தது.
"ஐயா, நண்டு இறாலைக் குறையுங்கோ.
பற்றீஸ், றோல்ஸ் பக்கம் போகாதேங்கோ.
நாளுக்கு ஒரு பிடி கச்சான்.
ஏலுமெண்டால் கஜு, பாதாம்.
வறுத்தது சரி, பொரிச்சது கூடாது,
உப்புப் போடாதது."

உப்புப் போடாதது!
கதவுப் பிணைச்சலைக்கூட
உப்புத் தின்னுகிற ஊரில்.

"ஒரு பிடி எண்டால் யாற்ற பிடி மிஸ்?"
"உங்கட பிடிதான் ஐயா."
வலக்கையை மேசையில் வைத்தேன்.
சின்ன விரலும் மோதிர விரலும்
வள்ளத்து வின்ச்சோடு போனவை.
மோதிரம் கிடைத்தது,
விரல் கிடைக்கவில்லை.

பேனையைக் கீழே வைத்தாள்.
இரண்டு செக்கன்தான்.
"அப்ப இடக்கைப் பிடி, ஐயா."
எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

கடைசியில் ஒரு துண்டுத்தாள் தந்தாள்.
நல்ல கொழுப்பு, நார்ச்சத்து, மக்னீசியம்,
குருதிக் குழாய் அடைக்காதாம்,
நெடுநேரம் பசிக்காதாம்.
மூலையில் ஓர் இதயம் கீறியிருந்தது,
கொட்டையை வெளியே தொங்கவிட்டுப் பழுக்கிற
கஜுப் பழம் மாதிரி.

மத்திய வீதியில் பாதாம் விலை கேட்டேன்.
நூறு கிராம்.
விலை கேட்ட இடத்திலேயே
இருநூற்று ஐம்பதைத் தாண்டியிருப்பேன்.

டச்பே கடற்கரைக்கு இறங்கினேன்.
கச்சான் வீசிக்கொண்டிருந்தது.
தரையிலிருந்து கிளம்பி
வள்ளத்தை ஆழக்கடலுக்குத் தள்ளுகிற காற்றுக்கும்
தரைக்குக் கீழே காய்க்கிற பருப்புக்கும்
ஒரே பேரை வைத்தது யாரோ.
முப்பது வருடம் ஒரு கச்சானில் காய்ந்தவனை
இனி மற்றக் கச்சான் காக்க வேண்டும்.

முஸம்மிலின் வண்டியில்
சட்டியில் அகப்பை தட்டும் சத்தம்.
"கிளினிக்கா? எனக்குச் சீனி வருத்தம்" என்றான்.
"நாள் முழுக்கக் கச்சானுக்குப் பக்கத்திலதானே நிக்கிறாய்?"
"நிண்டாப் போதுமா? தின்னணும்.
திண்டா யாவாரம் எங்க?"

சுருள் சுற்றவென்று வைத்திருந்த
ஒன்பதாம் ஆண்டுச் சோதனைத் தாள்களைக்
காற்று கொண்டுபோய் அலையில் போட்டிருந்தது.
ஈரத்தில் ஒரு பிள்ளையின் கணக்கு,
சிவப்பில் பூச்சியம்.
என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்ததை இழுத்தான்,
கேட்கவில்லை, சுற்றினான்.
இதயம் உட்பக்கம் போனது.
அதன்மேல் சூடாகக் கச்சான்.

மணலில் இருந்து எண்ணினேன்.
இடக்கை கொள்வது முப்பத்தொன்று,
வலக்கை கொள்வது பதினெட்டு.
ஆக, அந்த வின்ச்
இருபத்தாறு வருடமாக
நாளுக்குப் பதின்மூன்று தின்றிருக்கிறது.
அதன் நெஞ்சு நல்லாயிருக்கட்டும்.

தோலோடு தின்னச் சொன்னவள்.
தோல் நாக்கில் ஒட்டியது,
கொஞ்சம் கயர்ப்பு,
பிறகு எண்ணெய்,
பிறகு சூடு இறங்குவது தெரிந்தது.
மருந்து இப்படி ருசிக்குமென்றால்
நான் முன்னமே வருத்தம் பிடித்திருப்பேன்.
இருபத்துநான்கில் பசி நின்றது.
அதுவும் தாளில் சொன்னபடிதான்.

அப்போதுதான் மான் வந்தது.
கோட்டைப் பக்கத்து மான்,
மனிசருக்குக் கூச்சப்படாத சாதி.
மிச்சம் ஏழையும் நீட்டினேன், மோந்து பார்த்துவிட்டு
சுருளை இழுத்தது.
நார்ச்சத்து போனது,
மக்னீசியம் போனது,
குருதிக் குழாய் அரைவாசி வாயில் தொங்கியது.

பிலோமினா வாசலிலேயே கேட்டாள்,
"என்ன சொன்னவை? தாள் ஏதும் தந்தவையோ?"
"தந்தவை. மான் திண்டுட்டுது."
கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.
"நல்லதுதான்.
நீங்கள் ஒருநாளும் திண்டிருக்க மாட்டியள்."

என் இடக்கையில்
ஏழு கச்சான் வியர்த்துக்கொண்டிருந்தன.