பன்னிரண்டு சதவீதம்

ஆனையூரில் இரண்டாவது மாடி.
சுவிட்சுப் பெட்டியைத் திறந்தால் நியூட்ரல் இல்லை.
கட்டினவன் மிச்சம் பிடித்த ஒயர்.
சுவரைக் கொத்தி அதைக் கொண்டுவந்து சேர்க்க
எனக்கு ஒன்றரை நாள்.

இருந்த பல்பையே டிம்மரில் போட்டுப் பார்த்தேன்.
இருபதுக்குக் கீழே இறக்கியதும்
குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் வெடவெடத்தது.
பெட்டிக்குள் கொசு மாதிரி ஓர் இரைச்சல்.
டவுன்ஹால் ரோட்டுக்கு ஓடி
மங்கத் தெரிந்த பல்பாகப் பார்த்து வாங்கிவந்தேன்.
எரிவதற்கு எந்தப் பல்புக்கும் தெரியும்.
மங்கத் தெரிந்தது விலை கூட.

மஞ்சுளா மேடத்தின் போனில் ஆப் இறங்கவில்லை.
இடமில்லையாம், முழுக்கக் கல்யாணப் படங்கள்.
சார் சென்னையில், சனிக்கிழமை வருவார்.
"இப்போதைக்கு உங்க போன்லயே போட்டுருங்க பீர்."
போட்டேன்.
பெயர் கேட்டது. வீடு என்றே வைத்தேன்.
ஹால், படுக்கை, அடுப்படி, பால்கனி.

கூலி வந்தது. சனிக்கிழமையும் வந்து போனது.
யாரும் கூப்பிடவில்லை.
சிந்தாமணியில் ஒரு அரிசி ஆலை, பசுமலையில் ஒரு துணிக்கடை,
வேலை மேல் வேலையில் மறந்தே போனேன்.

மகபூப்பாளையத்தில், கொசுவுக்கு விழித்த ஓர் இரவு
தலைமாட்டில் போன் மினுங்கியது.
அடுப்படி, பன்னிரண்டு சதவீதம்.
மணி இரண்டு நாற்பது.

மறுநாள் இரண்டு ஐம்பது.
அடுத்த நாள் இரண்டே கால்.
எப்போதும் அந்தப் பன்னிரண்டு.
எவ்வளவு வெளிச்சம் அது என்று எனக்குத் தெரியும்,
நான்தானே நிறுத்திக் காட்டினேன்.
தண்ணீர்ச் சொம்பு தெரியும்.
எதிரில் இருப்பவர் அழுதால் தெரியாது.

சுவரைக் கொத்தினவனுக்கு
சுவருக்கு அந்தப் பக்கம் என்ன வேலை?
வீட்டை நீக்கு என்று ஒரு பொத்தான் இருக்கிறது.
தொட்டால் 'உறுதியா?' என்று கேட்கும்.
தினமும் கேட்டது.
தினமும் பின்வாங்கினேன்.
இரண்டு நாற்பதுக்கு எனக்கும் விழிப்பு
பழகிப்போயிருந்தது.

நேற்று இரவு கன்னத்துக் கொசுவை அடித்த கையில்
போன் நழுவியது.
பிடித்தேன். கட்டைவிரல் எங்கோ பட்டது.
அடுப்படி, பூஜ்யம்.

வைகைக்கு அந்தப் பக்கம்
என் விரலால் ஒரு பெண் இருட்டில் நிற்கிறாள்.
போட்டுவிடலாமா?
தானாக அமர்ந்த விளக்கு தானாக எரிந்தால்
பயம் கூடுமா குறையுமா?
பாயில் உட்கார்ந்து திருடன்போல் மூச்சைப் பிடித்தேன்.

பிறகு,
அடுப்படி நூறு.
ஹால் நூறு.
படுக்கை நூறு.
பால்கனிகூட நூறு.

காலையில் போய் நின்றேன்.
"டிம்மர்ல பழுதில்லைங்க. பழுது எங்கிட்ட."
எல்லாம் சொன்னேன், மூன்று வாரத்தையும்.
அவர் வெகுநேரம் பேசவில்லை.
அடுப்பு மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்
குரூப் டூ கையேடு,
பென்சில் செருகியபடி.

"ஹாலுக்கு வெளிச்சம் போகக்கூடாதுன்னுதான்
பன்னெண்டு வச்சிருந்தேன்.
நேத்து எல்லாரும் எந்திரிச்சு வந்து பாத்துட்டாங்க.
இனி என்ன, நாற்பது வைங்க.
அதுல எழுத்து ஊறுது."

போனை நீட்டினார். ஆப் இறங்கியது.
இடம் இருந்தது.
எப்படி என்று நான் கேட்கவில்லை.

என் போனில் 'உறுதியா?' என்றது.
ஆமாம் என்றேன்.

இன்றும் இரண்டு நாற்பதுக்கு விழித்தேன்.
போன் கறுப்பாகக் கிடந்தது.
எத்தனையில் எரிகிறதோ.