தம்பியின் படம்

நீதிமன்றத்துக்குப் பின்பக்கம், போட்டோக் கொப்பிக் கடையில்
அரைவாசி மேசை எனக்கு. மாத வாடகை ஏழாயிரம்.
சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன் நான்:
பக்கம் ஒன்றுக்கு இவ்வளவு, முத்திரை உட்பட.

காலையில் வந்ததெல்லாம் காணி உறுதி.
வடக்கெல்லை, சின்னட்டியின் பெண்சாதியின் காணி;
கிழக்கெல்லை, ஒழுங்கை;
கிணற்றில் எட்டில் ஒரு பங்கு, வழி வாய்க்காலோடு.
தமிழில் சின்னட்டி முன்னே நடப்பார்,
பெண்சாதி பின்னால், காணி அதற்கும் பின்னால்.
ஆங்கிலத்தில் ஊர்வலத்தையே திருப்பிவிட வேண்டும்:
காணி, ஒஃப், பெண்சாதி, ஒஃப்,
கடைசியில் வேர்த்துக்கொண்டு சின்னட்டி.
பழகிய வேலை. கை தானாகத் திருப்பும்.

மூன்று மணிக்கு ஜெசிந்தா வந்தார், குருநகரிலிருந்து.
ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம்.
றெஜினோல்ட் வேலைக்குப் போய்த் திரும்பாதது பற்றி
ஒன்றரைப் பக்கம்.
இணைப்புப் பட்டியலில் நாலாவது:
என் தம்பியின் படம்.

எ ஃபோட்டோ ஒஃப் மை பிரதர்
என்று அடித்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன்.
தம்பி இல்லை.
இறங்குதுறை. கவிழ்த்த வள்ளம். காயும் வலை.
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி
பதினாலு வயசு ஜெசிந்தா, ஒற்றைச் செருப்போடு.

"தம்பி எங்கை?"
"அவன்தானே எடுத்தவன். மாமான்ரை கமராவிலை.
அவன்ரை படம்."

இன் என்ற உருபு யாரையும் விசாரிப்பதில்லை.
படத்தில் இருப்பவனா, எடுத்தவனா,
பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவனா,
மூவருக்கும் ஒரே பாயை விரித்துவிடும்.
ஒஃப் படலையில் மறித்துக் கேட்கும்.
வெறும் பிரதர் என்றால் அவன் முகம் தெரியவேண்டும்.
முகம் இல்லையா,
பிரதரின் தலைமாட்டில் ஒரு காற்புள்ளியைத் தொங்கவிட்டு
பக்கத்தில் ஓர் எஸ்ஸை நிறுத்து:
இப்போது படம் அவன் சொத்து,
அவனிடமிருந்த படங்களில் ஒன்று.

"வேறை படங்களும் எடுத்தவரோ?"
"ஒரு றோல் முழுக்க. இடம்பெயரேக்கை மிச்சமெல்லாம் போட்டுது."

ஈர் அளவு மைதான் அந்தக் குறி. இட்டேன்.
எஸ்ஸும் போட்டேன்.
கணினி உடனே நீலக்கோடு கீறியது:
ஒஃப் ஒருதரம் உடைமை சொல்லிவிட்டதாம்,
இன்னொருதரம் எதற்காம்.
அதற்கென்ன தெரியும்.
எ ஃப்ரெண்ட் ஒஃப் மைன் என்று
சினேகிதனை அவர்களும் இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார்கள்.
தம்பியை மட்டும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது,
பலரில் ஒருவன் என்றாகிவிடும்.
ஜெசிந்தாவுக்கு இருந்தது ஒருவன்.

எட்டித் திரையைப் பார்த்தார்.
"அந்தக் கடைசி எழுத்து என்னத்துக்கு?"
சொன்னேன்:
படத்துக்குள் ஆள் இல்லாதபடியால்.

பேசாமல் படத்தின் கீழ்விளிம்பில் விரலை வைத்தார்.
மணலில் நீண்டு ஒரு நிழல்,
இரண்டு முழங்கையும் விரித்தபடி,
தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெட்டி.
"இவன் பின்னை ஆர்?"

எஸ்ஸை அழித்தேன். பிறகு அந்த ஈரை.
நீலக்கோடு போய்விட்டது.
முகம் எங்கே என்று அங்கே ஒருவர் கேட்கக்கூடும்.
கோப்பைத் திருப்பி அனுப்பவும்கூடும்.

மூலத்துக்கு அமைவானது எனச் சான்று எழுதி
முத்திரையைக் குத்தினேன். சரிந்துவிட்டது.
ஊதா மை நாலாவது வரிக்கு ஏறி
ஒஃப்பின் மேல் படர்ந்தது.

"வாசிக்கேலுமோ?"
தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
"ஏலும்."