அளவுச் சட்டை

ஆறு கிழமைக்குப் பிறகு
நாரஹேன்பிட்டியில், ஏசிக் குளிரில்
இரண்டு உறைகளைத் தந்தார்கள்.
என்னுடையதில் இல்லை.
நளாயினியுடையதில் இருக்கிறது.
ஒரே வயிற்றில் கிடந்தோம்,
நாலு வருட இடைவெளியில்.

டொக்டர் தாளில் கோடு கீறிச் சொன்னா:
வருடத்துக்கு ஒருக்கால் எம்ஆர்ஐ,
நடுவில் மமோகிராம்,
அல்லது குளிசை,
அல்லது வருவதற்கு முன்பே எடுத்துவிடுவது.
"சூலகத்தைப் பற்றிப் பிறகு கதைப்பம்,
நாற்பதுக்குக் கிட்ட."
நூறில் அறுபத்தைந்து என்றா.
"மிச்ச முப்பத்தைந்தில நிக்கிற ஆக்கள்
தாங்கள் அங்கதான் நிக்கிறம் எண்டு
தெரியாமத்தானே நிப்பினம்?"
நளாயினி கேட்டாள்.
டொக்டர் பேனையை மூடினா.

ஓட்டோவில் நான் அழுதேன்.
அவள் என் முதுகைத் தடவினாள்.
சாரதி கண்ணாடியில் பார்த்து,
எனக்குத்தான் ஏதோ என்று நினைத்து,
பாட்டைக் குறைத்தார்.

அப்பாவிடம் சொல்வதுதான் கரைச்சல்.
அவர் பக்கத்தால் வந்தது இது.
பவளமாமி, பிறகு ராசமாமி,
இரண்டு பேரும் நாற்பத்தாறைத் தாண்டவில்லை.
நெஞ்சில் கட்டி என்றுகூடச் சொல்லாமல்
"வருத்தம்" என்றே கனத்தையில் எரித்தோம்.
துறைமுகத்தில் முப்பது வருடம் கணக்கெழுதியவர்
அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் தரம்.
"ஆம்பிளைக்கும் இருக்குமோ?"
இருக்கும், அப்பா.
"எனக்கு ஒண்டும் செய்யேல்லயே."
அதன் பிறகு மூன்று நாள்
அவளுக்கு மட்டும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்,
சீனியை மறந்து.
அவள் சொல்லாமல் குடித்தாள்.

ரொறன்ரோவிலிருந்து தம்பி
"எனக்குத் தெரிய வேண்டாம்" என்றெழுதினான்.
அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.
குடும்பக் குழுவில்
நீலக்குறி மட்டும் விழுந்தது.

அவள் வைகாசிக்குத் திகதி எடுத்தாள்.
"ஒவ்வொரு வருஷமும் அந்தக் குழாய்க்குள்ள படுத்து
இந்த முறையோ எண்டு காத்திருக்க
என்னால ஏலாது.
நீயெண்டா பொறுத்திருப்பாய்.
உனக்குத் தேவையில்லாமப் போச்சு."
அவள் குத்திச் சொல்லவில்லை.
எனக்குக் குத்தியது.
நல்ல சேதி கிடைத்தவள்
எங்கே போய் அழுவது என்று
ஒருவரும் கோடு கீறிக் காட்டவில்லை.

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில்,
மச்சாளின் கலியாணத்துக்குச் சட்டை தைக்க.
"அளவுச் சட்டை கொண்டு வந்தீங்களா?
இல்லாட்டியும் பரவாயில்ல,
கொப்பியில இருக்கு" என்றா நசீமா ராத்தா.
புரட்டினா.
இருபது வயதிலிருந்து நளாயினி,
பென்சிலில், பக்கம் பக்கமாக:
கைநீளம், தோள், நெஞ்சு;
ஒரு வருடம் அரை அங்குலம் கூட,
ஒரு வருடம் குறைய.

கடலோர ரயில் போனது.
மேசையில் கத்தரிக்கோல் அதிர்ந்து நகர்ந்தது.
அது போய் முடியுமட்டும்
அவள் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கலியாணம் ஆவணியிலதானே, ராத்தா.
ஆடியில வாறன், புது அளவு எடுங்கோ.
அதுமட்டும் துணியை வெட்டாதைங்கோ."

ராத்தா அவளைப் பார்த்தா, பிறகு என்னை.
ஒன்றும் கேட்கவில்லை.
புதிய பக்கத்தில் பெயரை எழுதி,
கைநீளம் எழுதி, தோள் எழுதி,
அதற்குக் கீழே
ஒரு வரியை வெறுமையாக விட்டா.