முனைகளைச் சேர்த்த பிறகு

போரா காற்று அடிக்கும் இரவு.
திரியெஸ்தேயில், குன்றின் மேல், விளக்கெரியும் ஒரே சன்னலுக்குள்
ஒந்தினா
ஜெல்லுக்கு மின்சாரம் தருகிறாள்.

எல்லாம் ஒரே நீளத்து டி.என்.ஏ. வளையங்கள்.
ஒரு வைரஸின் தலைக்குள்
இடமில்லாத இடத்தில் திணிபட்டு,
யார் கால் யார் மேல் என்று தெரியாத நெரிசலில்
தம்மைத் தாமே முடிந்துகொண்டவை.

ஒரு சாண் தூரப் பந்தயம்.
முடிச்சில்லாத வளையம்
விரித்த குடையோடு கூட்டத்தில் நுழைந்தவர் போல
கண்ணிக்குக் கண்ணி தட்டி நிற்கிறது.
மூன்று குறுக்கு உள்ளது அதை முந்துகிறது.
நான்கு, அதையும்.
சிக்கல் கூடக் கூட உடம்பு ஒடுங்கி
சீக்கிரம் போய்ச் சேர்கிறது.
பதினெட்டு வருடமாகப் பார்க்கிறாள்,
இன்னும் அநியாயமாகத்தான் படுகிறது.

லிவியோ துறைமுகத்தில் கப்பல் கட்டுகிறவன்.
செய்கிறவன் இல்லை,
கரையோடு கட்டிவைக்கிறவன்.
பழகிய புதிதில், காப்பிக் கடையில்
செருப்புக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு நீட்டினான்.
இது முடிச்சே இல்லை என்றாள்.
முனை இரண்டும் சும்மா கிடக்கின்றன,
முனை இருக்கும்வரை எதையும் உருவிவிடலாம்,
கணக்கில்
முனைகளைச் சேர்த்த பிறகுதான் முடிச்சு.

"அப்படியானால் இத்தனை வருடம்
ஒன்றுமில்லாததற்குச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.
உன் கணக்கை
எட்டாயிரம் டன் கப்பலிடம் போய்ச் சொல்."

புரதங்கள் அவன் கட்சி என்று ஒப்புக்கொண்டாள்.
சில புரதங்கள் திறந்த முனைகளோடே முடிந்து கிடக்கின்றன,
பிடித்து ஆட்டினாலும் விடுவதில்லை.
அவற்றைக் கணக்குக்குள் கொண்டுவர
வால் இரண்டையும் நீட்டி நீட்டி
முடிவிலியில் இணைக்கவேண்டியிருக்கிறது.

"முடிவிலியில்
கயிற்றைப் பிடிக்க ஆள் இருக்கிறதா?"
தொழில்முறையில்தான் கேட்டான்.

மார்ச்சில் அவன் நுரையீரலில் ஒரு நிழல்.
கத்தினாரா மருத்துவமனை, ஏழாவது மாடி.
மருந்துச் சீட்டின் இரண்டாவது வரியைப் படித்ததும்
அவள் வேறெதையும் படிக்கவில்லை.
எட்டோபோசைட்.
அவளுடைய குளிர்பெட்டியில், மேல்தட்டில்,
நீல மூடி போட்ட குப்பி.

செல்லுக்குள் ஒரு நொதி உண்டு.
இழையைக் குறுக்கே வெட்டும்.
வெட்டிய வாசல் வழியாக
இன்னோர் இழையைக் கடக்கவிடும்.
அதுவரை இரண்டு நுனிகளையும் கைவிடாமல் பிடித்திருந்து
தழும்பில்லாமல் ஒட்டும்.
ஒட்டுவதற்கு முந்தின கணத்தில் வந்து
கையைப் பிடித்துக்கொள்கிறது இந்த மருந்து.
வெட்டியது வெட்டியபடி.
முனைகள், முனைகள்,
செல் முழுக்க முனைகள்.

"கயிற்றை அறுத்துவிடும், அவ்வளவுதானே?" என்றான்.
"புயலில் நாங்களும் செய்வோம், கோடரியால்."
சற்றுப் பொறுத்து,
"நல்ல கயிறும் அறுமா?"
"அறும்."
தலையைத் தடவினான்.
உள்ளங்கையில் வந்ததைப் பார்த்துவிட்டு
போர்வையில் துடைத்துக்கொண்டான்.

ஐந்தரைக்கு ஜெல்லைப் படம் எடுத்து
தேதி எழுதாமல் வைத்துவிட்டுப்
பேருந்தில் ஏறுகிறாள்.
காற்று பேருந்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது.

அவன் விழித்திருக்கிறான்.
சொட்டுமருந்துக் குழாய் கட்டில் கம்பியைச் சுற்றி
தன்மேலேயே ஏறிக் கிடக்கிறது.
சரிசெய்ய வந்த செவிலி நெவென்காவைக்
கண்ணால் நிறுத்துகிறான்.

"ஒரு முனை பையில். ஒரு முனை என் கையில்.
இரண்டும் பிடிபட்டுவிட்டன.
இப்போதாவது இது முடிச்சா?"

கோட்டைக் கழற்றாமலே குனிந்து
விரலால் எண்ணுகிறாள்.
ஒன்று.
இரண்டு.
"இரண்டுதான். மூன்றாவது வேண்டும்.
இது வெறும் சிக்கல்."

தோற்றவன் போல முகத்தை வைத்துக்கொண்டு,
ஊசி குத்திய கையை
மெல்ல, மிக மெல்லத் தூக்கி
குழாயின் மேல் இன்னொரு மடிப்பைப் போடப் பார்க்கிறான்.

முனையை விடாமல்
எத்தனை மடித்தாலும் அது முடிச்சாகாது.
அவளுக்குத் தெரியும்.
நெவென்கா கடிகாரத்தைப் பார்க்கிறாள்.
ஒந்தினா
குழாய் நழுவாமல்
ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறாள்.